ஏரித் தண்ணீரில் எழுந்த தோட்டம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம். கியோட்டோவுக்குப் போகப்போகிறீர்கள் என்றால் ஹெயான் ஜிங்கூ என்ற ஷின்டோ ஆலயத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஆயிரம் வருஷப் பழமை பேசும் அந்த ஊரில் இது 1895-இல் எழுந்தது, வயதில் இளையது. அதனாலேயே பலரும் முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கத் தோட்டத்தைப் பார்க்காமல் வந்தால் ஆலயத்தைப் பார்த்த கணக்கிலேயே சேராது என்பேன். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்த வழியில்தான் ஊரின் கதை முழுவதும் இருக்கிறது.

பேரரசர் கம்மு 794-இல் கியோட்டோவைத் தலைநகராக்கினார். 1869-இல் பேரரசரின் இருப்பிடம் டோக்கியோவுக்கு மாறியது. பின்னாலேயே பிரபுக்களும் அதிகாரிகளும் போனார்கள்; அவர்களை நம்பியிருந்த கைத்தொழிலும் வியாபாரமும் படுத்தன, ஜனத்தொகை குறைந்தது. தலைநகர் என்ற பெயரை இழந்த ஊர், பிழைக்க வழி தேடியபோது செய்த பெரிய காரியம் கால்வாய் வெட்டியது. மலைக்கு அப்பால் இருக்கும் பிவா ஏரியிலிருந்து சுரங்கம் குடைந்து தண்ணீர் கொண்டுவரும் வேலை 1885-இல் தொடங்கி 1890-இல் முடிந்தது. வேலையை முன்னின்று நடத்திய தனபே சகுரோ, அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த இளம் பொறியாளர்.

1891-இல் கெயாகே என்ற இடத்தில் அந்தத் தண்ணீர் மின்சாரம் தர ஆரம்பித்தது. 1895-இல் அந்த மின்சாரத்தில் ஜப்பானின் முதல் மின்சார டிராம் சேவை கியோட்டோ தெருக்களில் ஓடியது. அதே வருஷம்தான், ஊர் தலைநகரான 1,100-ஆம் ஆண்டைக் கொண்டாடும் விதமாக, கம்முவைத் தெய்வமாக வைத்து இந்த ஆலயத்தை எழுப்பினார்கள். ஆட்சிக்காலம் முழுவதும் கியோட்டோவிலேயே வாழ்ந்த கடைசிப் பேரரசரான கோமெய், 1940-இல் இரண்டாவது தெய்வமாகச் சேர்ந்தார்.

இனி உள்ளே போவோம். தெருவுக்குக் குறுக்கே ஏறக்குறைய 24 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவப்புத் தோரணம்தான் தோரி. அதைக் கடக்கும்போது லேசாகத் தலை குனிந்து, ஓரமாக நடப்பது மரியாதை. நடுப்பாதை தெய்வத்துக்கு உரியது. தண்ணீர்த் தொட்டி வந்ததும் வலது கையில் அகப்பையைப் பிடித்து இடது கையைக் கழுவுங்கள். பிறகு கை மாற்றி வலது கை. அடுத்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. கடைசியில் இடது கையை மறுபடி கழுவி, அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மிச்சத் தண்ணீர் காம்பு வழியே இறங்கி, அடுத்தவர் பிடிக்கும் இடத்தைக் கழுவிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சன்னிதி முன்னால் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, இன்னொரு முறை குனிந்தால் வழிபாடு முடிந்தது. சுற்றிலும் தெரியும் சிவப்புத் தூண்களும் பச்சை ஓடுகளும் பழைய அரண்மனையின் அரசு மண்டபங்களை எட்டில் ஐந்து பங்கு அளவில் மறுபடி எழுப்பியவை.

தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஏழாம் ஒகாவா ஜிஹெய் என்ற தோட்டக் கலைஞர் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து, அந்தக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டு ஆலயத்தைச் சுற்றி நான்கு பகுதிகளாக இதை அமைத்தார். தென்பகுதியில் கியோட்டோவின் பழைய டிராம் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆலயத்துக்குள் டிராமுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இப்போது நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

நடுத் தோட்டத்துக் குளத்தில் வட்ட வட்டமான கற்கள் வளைந்து வளைந்து போகும். அவற்றின் மேல் கால் வைத்துத் தண்ணீரைக் கடக்கலாம். 1590-ஐ ஒட்டி தொயோதோமி ஹிதெயோஷி காமோ ஆற்றின் மேல் கட்டிய சான்ஜோ, கோஜோ பாலங்களைத் தாங்கிய தூண்கள் அவை. பாலத்துக்கு உதவாமல் போன பிறகும் அந்தக் கற்களை ஊர் கைவிடவில்லை. ஒரு கல்லில் நின்று குனிந்து பாருங்கள், மீன் தென்படும். இச்சிமோன்ஜி தனாகோ என்ற சின்ன மீன், ஏரியிலிருந்து கால்வாய்த் தண்ணீரோடு இங்கே வந்து சேர்ந்தது. பிவா ஏரியில் அது அருகிப்போய்விட்டது. இந்தக் குளத்தில் பிழைத்துக் கிடக்கிறது. கிழக்குக் குளத்தின் மேல் நிற்கும் கூரை போட்ட மரப்பாலமும் கியோட்டோ அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்ததுதான்.

ஏப்ரலில் போனால் கிளை தொங்கும் செர்ரிப் பூ, ஜூனில் மேற்குக் குளத்து ஐரிஸ். அக்டோபர் 22-இல் ஊரின் வரலாற்றை வேஷம் கட்டி நடத்தும் ஜிதாய் மத்சுரி ஊர்வலம் ஆலயத்தில் வந்து முடியும். எப்போது போனாலும் நேராக ஆலய வாசலில் போய் இறங்காதீர்கள். கெயாகேயில் இறங்கி, படகுகளைச் சரிவில் ஏற்றி இறக்கிய பழைய தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, கால்வாயை ஒட்டியே நடங்கள். நடக்கும் தூரம்தான். பிழைப்புக்காக வெட்டிய தண்ணீரில் ஒரு பங்கை அழகுக்கும் வழிபாட்டுக்கும் ஒதுக்கிய ஊர் அது. அந்த வரிசையிலேயே அதைப் பார்ப்பதுதான் சரி.