விண்கல் சுமந்து வரும் நீரின் சுவடு

சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்துச் சுரங்கங்களில் கரும்பாறைகளுக்கு ஊடே வெண்ணிற நரம்புகள் ஓடுவதைக் காணலாம். உள்ளூர் மக்கள் 'வெள்ளைக்கல்' என்றழைக்கும் மேக்னசைட் அது. எஃகு உலைகளில் வெப்பத்தைத் தாங்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள் என்ற அளவில் அதை நாம் அறிவோம். ஆனால், அது நீர் விட்டுச்சென்ற சாட்சியமும்கூட.

பூமியின் ஆழத்தில் உருவாகும் பாறைகளில் ஆலிவின் என்ற பச்சை நிறக் கனிமம் மிகுதி. கரியமில வாயு கரைந்த நீர் இப்பாறைகளில் ஊடுருவும்போது ஆலிவின் சிதைந்து செர்பென்டைனாகவும் மேக்னசைட்டாகவும் மாறுகிறது. நீர் வற்றிய பின்னரும் இக்கனிமங்கள் எஞ்சியிருக்கும்.

இதே வேதிவினை, பூமி முழு வடிவம் பெறுவதற்கு முன்பே விண்வெளியில் நிகழ்ந்திருக்கிறது. சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தூசும் பனிக்கட்டியும் திரண்டு சிறுகோள்கள் உருவாயின. அவற்றுள் இருந்த அலுமினியம்-26 என்ற கதிரியக்க ஐசோடோப்பு சிதைந்தபோது வெளிப்பட்ட வெப்பம் பனியை உருக்கியது. அந்த நீர் பாறைத்துகள்களோடு வினைபுரிந்து செர்பென்டைன், கார்பனேட், மேக்னடைட் போன்றவற்றை உருவாக்கியது. அச்சிறுகோள்களிலிருந்து உடைந்து வரும் துண்டுகளே 'கார்பனேசியஸ் காண்ட்ரைட்' எனப்படும் தொன்மையான விண்கற்கள். அவற்றில் சிலவற்றின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர்; திரவமாக அல்ல, கனிமங்களுக்குள் பிணைந்த நிலையில்.

இத்தகைய கல்லொன்று 2017 ஜூன் 6-ஆம் தேதி ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புரா கிராமத்தில் விழுந்தது. அதை ஆராய்ந்த அறிவியலாளர்கள், தாய்ச் சிறுகோளில் நீர் வினைபுரிந்ததற்கான கனிமச் சான்றுகளைக் கண்டனர். இவ்வகை விண்கற்களில் கன ஹைட்ரஜனின் விகிதம் நமது கடல்நீரின் விகிதத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. பூமிக்கு நீர் வந்த வழிகளுள் இக்கற்களும் ஒன்று என்ற கருத்துக்கு இது வலுசேர்க்கிறது.

ஆனால், இச்சான்று எளிதில் கலங்கக்கூடியது. 1864-இல் பிரான்ஸின் ஆர்கேய் பகுதியில் விழுந்த விண்கல்லில் காணப்படும் வெண்ணிற சல்பேட் நரம்புகள், சிறுகோளில் ஓடிய நீரின் தடம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. அவை அருங்காட்சியகத்தில் இருந்த காலத்தில் காற்றின் ஈரப்பதத்தால் உருவானவை என்று 2001-இல் வெளியான ஆய்வு வாதிட்டது.

இதற்கு மாறாக, பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் நாசா கொண்டுவந்த 121.6 கிராம் மாதிரி, நைட்ரஜன் வாயு நிறைந்த பெட்டிகளில் பாதுகாக்கப்பட்டது. அதனால்தான், உப்புநீர் ஆவியானபின் படியும் சோடியம் உப்புகளை அதில் காண முடிந்தது. பூமியின் ஈரம் பட்டிருந்தால் அவை கரைந்து போயிருக்கும்.

நமக்கான பாடம் இதில்தான் உள்ளது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறை, நிலவின் மண்ணை ஒத்த மாதிரி தயாரிக்க இஸ்ரோவுக்குப் பயன்பட்டது. இப்பகுதியின் நிலவியல் வளம் விண்வெளி ஆய்வுக்கு உதவும் என்பதற்கு அது சான்று. நாளை இச்சமவெளியிலும் ஒரு விண்கல் விழலாம். மழைக்காலமாக இருந்தால் ஓரிரு நாள்களிலேயே அதன் தடயங்கள் அழியத் தொடங்கிவிடும்.

எனவே, விழுந்த கல்லைக் கழுவக் கூடாது; உடைத்துப் பங்கிடக் கூடாது; எண்ணெயும் குங்குமமும் பூசி வழிபடவும் கூடாது. வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றி, இடத்தையும் நேரத்தையும் குறித்து, வருவாய்த் துறை வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இதை அறிந்திருந்தாலே போதும். 456 கோடி ஆண்டுகள் காப்பாற்றப்பட்ட ஒரு சாட்சியம், நம் கைக்கு வந்தபின் ஒரு மழையில் கரைந்துபோக நாம் காரணமாகிவிடக் கூடாது.