அச்சமும் ஒரு விளையாட்டோ?

அழுவதற்கென்று நாடகம் பார்க்கப் போகிறோம். நடுங்குவதற்கென்று பேய்க்கதை படிக்கிறோம். காத்தவராயன் கழுமரம் ஏறப் போகிறான் என்பது கூத்துப் பார்க்க வந்த அத்தனை பேருக்கும் முதலிலேயே தெரியும். தெரிந்தும் விடியும்வரை கண்விழித்திருக்கிறார்கள். அவன் ஏறும் வேளையில் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. துன்பத்தில் இன்பம் காணும் இந்த விநோதம் நம் இலக்கணகாரருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சத்தையும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் இடங்களையும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்துத் தந்தார். இறை என்றால் அரசன். காட்டு விலங்கையும் கள்வனையும் அஞ்சுவதுபோல ஆள்பவனையும் அஞ்சுவது மனித இயல்பு என்று அவர் கண்டிருக்கிறார்.

வகுப்பிலே இந்தப் பகுதியை நான் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மாணவன் எழுந்து, “சேர், இந்த நாலும் ஒரே விளையாட்டிலை இருக்கு” என்றான். உயர்தர வகுப்பு மாணவன். வீண்பேச்சுப் பேசுகிறவன் அல்லன். அவன் சொன்ன விளையாட்டின் பெயர் ‘ஏலியன்: ஐசொலேஷன்’. கைத்தொலைபேசியிலே ஆடுவது. வகுப்பில் வேறு சிலரும் அதை ஆடியிருந்தார்கள். உடனே இரண்டு கட்சிகள் உண்டாகி, பாடம் அன்றைக்கு முடியாமலே போயிற்று. அவர்கள் சொன்னவற்றையும், அதன் பின் வேறு சிலரிடம் நான் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். ஆனையிறவுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையின் தமிழாசிரியனுக்கு வீடியோ விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அறியாதவர்களுக்காக முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்கொட் என்பவர் ‘ஏலியன்’ என்ற திரைப்படத்தை எடுத்தார். விண்வெளியிலே சரக்கேற்றிச் செல்லும் ஒரு கப்பல். அதில் ஏழு பேர். எப்படியோ உள்ளே புகுந்துவிட்ட ஓர் அந்நியப் பிராணி. சுவிற்சர்லாந்து ஓவியர் கீகர் அமைத்த அந்த உருவம் படம் முழுவதிலும் சில நிமிடங்களே கண்ணிற் படும். காணாத நேரத்தில்தான் அது நம்மை அதிகமாக வருத்தும். இந்தப் படத்தை விளையாட்டாக்கும் முயற்சி 1982 முதலே நடந்து வந்திருக்கிறது. அத்தாரி இயந்திரத்துக்காக அந்த ஆண்டில் வந்தது, சந்துபொந்துகளில் ஓடி முட்டைகளை நசுக்கும் வெறும் ஓட்டப் பந்தயம். 2013இல் வந்த வேறொன்றில் துவக்குகளுக்குக் குறைவில்லை. பிராணிகள் ஈசல்போலச் செத்து விழுந்தன. ஆடியவர்கள் பயப்படவில்லை, சலித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு, 2014 ஒக்டோபர் 7ஆம் திகதி, இங்கிலாந்தின் ஹோர்ஷம் நகரத்து ‘கிரியேட்டிவ் அசெம்பிளி’ என்ற நிறுவனம் ஆக்கி, ‘சேகா’ நிறுவனம் வெளியிட்டதுதான் நான் சொல்லும் விளையாட்டு.

திரைப்படத்தின் நாயகி ரிப்ளி. அவளுடைய மகள் அமண்டா, காணாமற்போன தாயைத் தேடி ஒரு விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். நிலையம் பாழடைந்து கிடக்கிறது. உள்ளே அந்தப் பிராணி ஒன்று திரிகிறது. அதைக் கொல்ல வழியில்லை. மேசைக்கடியிலும் அலுமாரிக்குள்ளும் ஒளியலாம்; மூச்சை அடக்கலாம்; காது கொடுத்துக் கேட்கலாம். விளையாட்டு இவ்வளவுதான்.

மாணவன் சொன்னது சரியே. தலைக்கு மேலே காற்றுக் குழாய்களுக்குள் உருவம் காட்டாது ஓடும்போது அந்தப் பிராணி அணங்கு. கீழே குதித்து எதிரே நிற்கும்போது விலங்கு. நிலையத்தில் எஞ்சியிருக்கும் மனிதர்கள் உணவுக்கும் மருந்துக்குமாகக் கள்வராய் மாறிவிட்டார்கள். நிலையத்தை வாங்கிய பெருநிறுவனமோ, மனிதர் செத்தாலும் பிராணி பிழைக்க வேண்டும் என்று கட்டளையிட, அந்தக் கட்டளையைத் தலைமேற்கொண்ட இயந்திர மனிதர்கள் மிக மரியாதையான குரலிலே பேசிக்கொண்டு வந்து கழுத்தை நெரிக்கிறார்கள். இறை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வகுப்பறையில் நான் காட்டியதில்லை.

இனி அபிப்பிராய பேதங்களுக்கு வருவோம். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் முதலான சுடுகின்ற ஆட்டங்களிற் பழகியவர்கள் முதற்கட்சி. “ஒரு உருப்படியான துவக்குத் தராமல் ஒளி, ஒளி எண்டா அதுக்குப் பேர் விளையாட்டே?” என்பது அவர்கள் வாதம். பாதி ஆட்டத்துக்கு மேல் நெருப்புக் கக்கும் கருவி ஒன்று கிடைக்கிறது என்றும், அதைக் காட்டினாலும் பிராணி விலகி ஓடுமேயன்றிச் சாவதில்லை என்றும் குறைப்பட்டார்கள். அதற்கு வயல் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் பதில் சொன்னான்: “யானை வெடி போலத்தான். போட்டா யானை போகும். சாகாது. பிறகும் வரும். வரவர அதுக்கு வெடிக்குப் பயமும் விட்டுப் போகும்.” யானைகள் கடல்நீர்ப் பரப்பைக் கடந்த துறையென்று பெயர் பெற்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை மறுத்துப் பேச எவராலும் இயலவில்லை.

இரண்டாவது வழக்கு இன்னும் கடுமையானது. ஆடிய மட்டத்தைப் பதிவு செய்து வைக்க, சுவரிலே சில பொறிகள் உண்டு. அட்டையைச் செருகி, மூன்று விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்வரை காத்து நிற்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் பிராணி பின்னால் வந்து கொன்றுவிடலாம். முந்திய பதிவுக்குப் பிறகு ஆடியது முழுவதும் வீண். “பாதுகாப்புக்கெண்டு போன இடத்திலையே செத்துப் போனேன் சேர். இது ஞாயமில்லை” என்றாள் ஒரு மாணவி. பக்கத்திலிருந்தவள், “ஞாயமில்லாததுதான் அதிலை வடிவு” என்றாள். இவ்விருவர் வழக்கும் கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டு வெளிவந்தபோது அமெரிக்காவின் ஐ.ஜி.என். பத்துக்கு 5.9 புள்ளி கொடுத்துக் கையை உதறியது, பி.சி. கேமர் பத்திரிகை நூற்றுக்கு 93 கொடுத்து, அந்த ஆண்டின் தலைசிறந்த விளையாட்டு என்றும் தெரிந்தெடுத்தது. ஒரே நூலுக்கு இரு விமர்சகர் இவ்வாறு மதிப்பிட்டால் அவர்களுள் ஒருவர் நூலைப் படிக்கவில்லை என்று சந்தேகிப்போம். இங்கே இருவரும் ஆடியிருக்கிறார்கள். ஒருவர் தண்டனை என்று கொண்டதை மற்றவர் சுவை என்று கொண்டார்.

நீளத்தைப் பற்றிய குறையை மட்டும் இரு கட்சியாரும் ஒப்புக்கொள்கிறார்கள். முடிக்கப் பதினெட்டு மணி நேரமளவு வேண்டும். முடிந்தது என்று எண்ணும் இடத்தில் இரண்டொரு தடவை மறுபடி தொடங்குகிறது. எனக்கும் அது குறையாகவே படுகிறது. அச்சம் நெடுநேரம் நின்றால் அலுப்பாகிவிடும்.

பரந்தன் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்தும் ஓர் இளைஞரின் அபிப்பிராயந்தான் என்னை இந்தக் கட்டுரை எழுதவே தூண்டியது. முப்பது வயதிருக்கும். 2009இல் அவர் பதினாலு வயதுப் பையன். அந்த ஆண்டு ஜனவரியில் ஆனையிறவு இராணுவத்தின் கைக்கு மாறியபோது அவர் குடும்பம் ஏற்கெனவே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. 1991, 2000, 2009 என்று மூன்று பெரும் போர்களைக் கண்ட உப்புவெளி இது. அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை. காதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அக்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்குக் காதுதான் கண். எறிகணை புறப்படும் ‘குத்து’ச் சத்தம் எந்தத் திசையில் எழுந்தது, வருவது நம் பக்கமா அடுத்த பக்கமா என்பதைச் சிறு பிள்ளைகளும் சொல்லுவார்கள். ஆளில்லா விமானத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வண்டு’. அது இரைகிற இரைச்சலினால் வந்த பெயர்.

அந்த இளைஞர் சொன்னார்: “குழாய்க்குள்ளை ஓடுற சத்தம் எட்டவோ கிட்டவோ எண்டு பாக்கிறதுதான் விளையாட்டெண்டால், அது எனக்குத் தெரிஞ்ச வேலை சேர்.” பெடியள் பத்துத் தரம் சாகும் இடத்தை அவர் ஒரே தடவையில் கடந்துவிடுவார் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிராணியின் நடமாட்டத்தைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்று விளையாட்டிலே உண்டு. அதை அவர் எடுப்பதேயில்லை. அதன் ‘பீப்’ ஒலியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார். அது உண்மை. பிராணி கிட்ட இருந்தால் அந்த ஒலியைக் கேட்டும் வரும். ஒலியமைப்புக்காகவே இந்த விளையாட்டு 2015இல் பிரித்தானிய ‘பஃப்டா’ விருது பெற்றது. அந்த நடுவர்களோடு இவரையும் ஓர் ஆசனத்தில் இருத்தியிருக்கலாம்.

“ஆனா ஒண்டு சேர், இது விடும்” என்றார் பிறகு. எனக்கு விளங்கவில்லை. “கொஞ்ச நேரம் எங்களைச் சுத்திச் சுத்தி நிண்டுபோட்டுத் தானாய் விலகிப் போகும். மூச்சு விட நேரம் தரும்.”

அவர் எந்த நூலையும் படித்து இதைச் சொல்லவில்லை, ஆடித் தெரிந்துகொண்டார். ஆக்கியவர்கள் வெளியிட்ட விளக்கமும் இதுவே. அந்தப் பிராணிக்கு இரண்டு மூளைகள். ஒன்று அதனுடையது: பார்ப்பதையும் கேட்பதையும் கொண்டு தேடும், நாம் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மற்றொன்று மேலே நின்று நடத்தும் ‘இயக்குநர்’. அதற்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். இன்ன பகுதியில் தேடு என்று பிராணிக்குக் குறிப்புக் காட்டும். ஆனால் இடத்தைச் சொல்லிக்கொடுக்காது. நாம் எவ்வளவு நேரம் நெருக்கடியில் இருந்தோம் என்று அளந்துகொண்டேயிருந்து, அளவு மீறும் தறுவாயில் பிராணியைப் பின்னுக்கு அழைத்துக்கொள்ளும். ஆடுகிறவன் சோர்ந்துவிடக் கூடாது, மீண்டும் அஞ்சுவதற்கு அவனுக்குத் தெம்பு வேண்டும் என்பது ஏற்பாடு.

இதை நான் அவருக்கு வாசித்துக் காட்டியபோது கையிலிருந்த திருத்துக் கருவியை வைத்துவிட்டுக் கேட்டார். “அங்கை உப்பிடி ஆரும் அளந்து பாக்கேல்லை” என்று மட்டும் சொன்னார்.

காசு கொடுத்து வாங்கும் அச்சத்துக்கும் மற்றதற்கும் உள்ள பேதத்தை இதனினும் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை. கூத்திலே அண்ணாவியார் செய்வதும் இந்த அளப்பே. சபை களைத்துவிட்டது என்று கண்டால் பபூனை மேடைக்கு அனுப்புவார். நாவலைப் படமாக்கினால் மூலத்துக்குத் துரோகம் என்று நம் இலக்கிய வட்டங்களில் ஓயாமல் வாதாடுகிறோம். படத்தை விளையாட்டாக்கும்போது நேரும் மாற்றம் அதைவிடப் பெரிது. படத்தில் அஞ்சுகிறவள் நாயகி. நாம் அவளுக்காக இரங்குகிறோம். விளையாட்டில் இரங்குவதற்கு வேறொருவர் இல்லை. ஆகவே ஆடுகிறவன் தன் வாழ்க்கையிலிருந்து எதைக் கொண்டுவருகிறானோ அதுதான் அங்கே அச்சமாகிறது. “இதுவொரு பம்பல்” என்று போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் சொல்வதை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது பம்பலாய் இருப்பது நல்லது. திருத்துபவரும் ஆட்டத்தை வெறுக்கவில்லை. 2024இல் இதன் இரண்டாம் பாகம் ஆக்கப்படுகிறது என்ற அறிவித்தல் வந்ததை எனக்குச் சொன்னவரே அவர்தாம். ஆனால் காதுக்குள் வைக்கும் ஒலிக்கருவியை மட்டும் அவர் மாட்டுவதில்லை. வெளியிலே என்ன சத்தம் கேட்கிறது என்று தெரியாமல் இருக்க அவரால் முடியாது.

மாணவர்கள் இப்போது வேறொன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். 2018இல் ஜோன் கிரசின்ஸ்கி எடுத்த ‘எ குவாயட் பிளேஸ்’ படத்தைத் தழுவி, இத்தாலி நாட்டு ‘ஸ்ரோமைண்ட்’ நிறுவனம் ஆக்கி, 2024 ஒக்டோபரில் வந்த விளையாட்டு. இதிலே வரும் பிராணிகளுக்குக் கண் இல்லை. காது மிகக் கூர்மை. நாயகி இளம்பெண், கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரி. ஒலியை அளக்கும் கருவியைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, ஆட்டம் நத்தைபோல நகர்கிறது என்று பலரும் குறை சொல்லுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதில் ஒரு புதுமை: விரும்பினால் கணினியின் ஒலிவாங்கியைத் திறந்துவிடலாம். அப்போது நாம் இருக்கும் அறையில் எழும் சத்தமும் பிராணிக்குக் கேட்கும்.

என் பழைய மாணவன் ஒருவன், பத்தொன்பது வயது, புகையிரதப் பாதைக்கு அருகிலுள்ள வீட்டில் இதைத் திறந்துவைத்து ஆடுகிறான். அவனுடைய தாயார் ஒருநாள் என்னிடம் சொன்னார். சமைத்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து மகன், “அம்மா, சத்தம் போடாதேங்கோ, அதுக்குக் கேட்டிடும்” என்று அடிக்குரலிற் சொன்னானாம். “அப்பிடியே நிண்டிட்டன் சேர். மூண்டு வயசிலை பங்கருக்குள்ளை வைச்சு நான் இவனுக்குச் சொன்ன சொல் அது.” அவன் சிறு பிள்ளையாய் இருந்து கேட்டது, அவனுக்கு நினைவில்லை. தாயாரும் அதை அவனுக்குச் சொல்லவில்லை. அன்றுமுதல் அவன் ஆடும் வேளையில் வானொலியை நிறுத்திவிட்டுப் பின்வளவுக்குப் போய்விடுகிறார். அந்தப் படத்திலே, பிறக்கப்போகும் குழந்தையின் அழுகை வெளியே கேளாதிருக்கப் பெற்றோர் ஒரு பெட்டி செய்துவைப்பார்கள். அந்தக் காட்சியைக் கேள்விப்பட்டால் அந்த அம்மா என்ன அபிப்பிராயம் சொல்வாரோ, நான் கேட்கவில்லை.

அவனுக்கு உள்ள தொல்லை வேறு. முதல் விளையாட்டு வெளிவந்த ஆறாம் நாள், 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி, இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் புகையிரதம் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் வரை போயிற்று. இப்போது அது கூவிக்கொண்டு வீட்டைக் கடக்கும் போதெல்லாம் பிராணி பாய்ந்து இவனைக் கொன்றுவிடுகிறதாம். ஒரு குறிப்பிட்ட அறையில் மாத்திரம் நான்கு முறை செத்திருக்கிறான். ஒலிவாங்கியை மூடிவிடு என்றேன். அது ஆட்டமல்ல என்றான். ஆகவே புகையிரத நேரசூசியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு வண்டி போய் மறு வண்டி வருமுன் அந்த அறையைக் கடக்கப் பார்க்கிறான். வண்டிதான் ஒருநாளும் நேரத்துக்கு வருவதில்லை.