வெயிலில் காயும் தண்ணீர்

சாரல் காலத்தில் குற்றாலம் வந்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது. தென்காசியைத் தாண்டிக் கிழக்கே ஆலங்குளம் பக்கம் பஸ்ஸில் போனால் சுள்ளென்று வெயில். மழை பொய்த்த ஆண்டானால் குழாயடியில் குடங்களின் வரிசை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, தன் ஈரத்தில் பெரும்பகுதியை மலையோரத்திலேயே இறக்கிவிடுகிறது. அப்பால் இருப்பது மழை மறைவு நிலம்.

வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் நாலைந்து நாள் அண்டாவில் கிடக்கும். அதில் கை படும், செம்பு விழும். தெளிவாக இருந்தாலும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு கிருமிகள் இருக்கலாம். (அருவி நீரும் அப்படித்தான். தெளிவு வேறு, தூய்மை வேறு.) காய்ச்சிக் குடிப்பது நல்லதுதான். ஆனால் கணக்குப் பாருங்கள்: 30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் வேண்டும். விறகடுப்பிலோ வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. நாள்தோறும் பத்து லிட்டர் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது?

இந்த வேலையைச் சூரியனிடம் விடலாம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்தே கிருமி நீக்கலாம் என்று, பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆஃப்தீம் அக்ராவும் சகாக்களும் 1980-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிலையம் 1991 முதல் இதை ஆராய்ந்து, வீட்டில் செய்யத்தக்க முறையாக்கியது.

நிறமற்ற, கீறல் விழாத ‘பெட்’ பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டு லிட்டருக்கு மேற்பட வேண்டாம். முக்கால் பங்கு நிரப்பி, மூடிக் குலுக்குங்கள். பிறகு முழுக்க நிரப்பி, நல்ல வெயிலில் கூரைமேல் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். குலுக்குவது எதற்கு? காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவதற்கு. 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் அந்த ஆக்சிஜனை வீரியமுள்ள வடிவங்களாக மாற்றுகின்றன. அவை கிருமியின் மேலுறையையும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் சூடேறி நின்றால் ஒரு மணி நேரமே போதும்.

கலங்கல் நீரில் கதிர் உள்ளே போகாது. பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பெழுத்தின்மேல் நிறுத்தி, மேலிருந்து பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். உப்பும் ஃபுளோரைடும் இதனால் நீங்கா. தருமபுரிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

வானத்தில் பாதிக்குமேல் மேகம் மூடியிருந்தால் தொடர்ந்து இரண்டு நாள் வைக்க வேண்டும்; அடைமழையில் பயனே இல்லை. ஆகவே சாரல் நாளில் குற்றாலத்துக்காரர் அடுப்பைத்தான் மூட்டவேண்டும். வெயில் காயும் ஆலங்குளத்துக் கூரைமேல் பாட்டில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். குடிக்கும்போது பாட்டிலிலிருந்தே டம்ளரில் ஊற்றுங்கள். திரும்ப அண்டாவில் கொட்டினால் பழைய கதைதான்.