கமரா வாங்குமுன் கண்ணை வைத்துப் பாருங்கள்

கல்யாண வீடுகளில் படமெடுத்து வருமானம் தேட விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். தொழிலுக்கு வாங்குபவரின் முதற் கேள்வி அதுவல்ல. மாப்பிள்ளை கையெழுத்திடும் நொடியில் போகஸ் தவறினால், அந்த நொடி திரும்பி வராது. அடுத்த ஓடரும் வராது.

பெரிய கம்பனிகள் மிரர்லெஸ் கமராக்களின் பக்கம் போய்விட்டதால், சிறு முதலில் தொடங்குவோர் பாவித்த எஸ்.எல்.ஆர். கமராக்களையே தேடுகிறார்கள். 2018இல் வெளிவந்த கெனன் 2000டி, நிக்கோன் டி3500 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 24 மெகாபிக்சல். பார்க்க வேண்டியவை வேறு.

ஓட்டோபோகஸ்

கெனனில் 9 போகஸ் புள்ளிகள், நிக்கோனில் 11. எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். இரண்டிலும் நடுப்புள்ளி மட்டுமே கிடைக்கோடு, நிலைக்குத்துக்கோடு இரண்டையும் உணரும். மற்றவை ஒரு திசைக் கோட்டையே உணர்வதால், மங்கலான மண்டபத்தில் தடுமாறும். நடுப்புள்ளியை முகத்தில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் போகஸ் செய்து, பிறகு கமராவைச் சற்றுத் திருப்பி எடுப்பதே பாதுகாப்பு.

பணம் போகும் இடம் இன்னொன்று உண்டு. டி3500இன் உடலில் போகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று மோட்டார் இல்லாத 50 மி.மீ. எப் 1.8டி லென்ஸை வாங்கினால், கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். 1987இல் அறிமுகமான கெனன் ஈ.எப். வரிசையில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

வியூபைண்டர்

இரண்டிலும் கண்ணாடிக் கட்டியாலான பிரிசம் இல்லை. பாரமும் விலையும் குறைய, சிறு ஆடிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் காட்சி சற்று இருண்டு தெரியும். நீளத்திலும் அகலத்திலும் 95 வீதமே தெரிவதால், படத்தின் பரப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கண்ணுக்குப் படாது. ஓரத்தில் நிற்பவரின் கை பின்னர் படத்தில் வந்து நிற்கும். உருப்பெருக்கம் கெனனில் 0.80, நிக்கோனில் 0.85, பெரிய வித்தியாசமில்லை.

2010இல் வந்த நிக்கோன் டி7000இல் 16 மெகாபிக்சல்தான். ஆனால் பிரிசம், ஏறத்தாழ 100 வீதக் காட்சி, 39 போகஸ் புள்ளிகள், உடலிலேயே மோட்டார் எல்லாம் உண்டு. நல்ல நிலையில் கிடைத்தால் தொழிலுக்கு நான் இதையே தெரிவு செய்வேன். பழைய கமரா என்பதால், இதுவரை எத்தனை படங்கள் எடுத்திருக்கிறது என்று மட்டும் கேட்டறியுங்கள்.

கடைக்குப் போனால் வியூபைண்டர் ஓரத்திலுள்ள சிறு சக்கரத்தை, உள்ளே எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும்வரை திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே பாருங்கள். பிறகு வெளிச்சம் குறைந்த மூலையில் நிற்பவரின் முகத்தில் போகஸ் செய்து பாருங்கள். நீங்கள் பாவிக்கப்போகும் லென்ஸைப் பொருத்தியே இதைச் செய்ய வேண்டும். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுகிறதென்றால், பணத்தை எண்ணிக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.