கிராஃப்ல லைன் காலி, ஆனா நெட் தொங்குது! ஜாபிக்ஸில் கஸ்டம் கிராஃப் போடுவது எப்படி?

திருமழிசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. மழைக்காலம் வந்தால் இந்தப் பக்கத்து மக்கள் காலையில் முதலில் தேடுவது நாலு எண்களை. நீர்மட்டம் எத்தனை அடி, இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு? முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதெல்லாம் இங்கே பலருக்கு மனப்பாடம். 2015 டிசம்பர் 1-ம் தேதி ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டதை அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால், அந்த வருஷக் கணக்கை மாத சராசரியாக ஒரு கிராஃபில் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாள் இருந்த இடமே தெரியாது.

ஆபீஸ் நெட்வொர்க்கிலும் இதே கதைதான். ரவுட்டருக்கும் வரத்து உண்டு, வெளியேற்றம் உண்டு. அதை அளந்து கோடு போட்டுக் காட்டுவதுதான் மானிட்டரிங் சாஃப்ட்வேர்.

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 100 எம்.பி.பி.எஸ். லைன். ஐ.டி. வேலைக்கு ஒரே ஆள். பிரின்டரும் அவர்தான், சிசிடிவியும் அவர்தான். தினமும் காலை 10 மணிக்கு வீடியோ கால் திக்குகிறது. முதலாளி கேட்கிறார்: "பெரிய பிளானுக்கு மாறணுமா?" நம்ம ஆள் கிராஃபைத் திறக்கிறார். 19 எம்.பி.பி.எஸ். தான் ஓடுகிறது. "லைன் காலியாதான் இருக்கு சார்!"

காலியாக இல்லை. 30 விநாடி மட்டும் லைன் 100-ஐத் தொட்டு, மீதி நாலரை நிமிடம் 10-ல் ஓடியிருந்தால், 5 நிமிட சராசரி சரியாக 19. அதையே ஒரு மணி நேர சராசரியாகப் பார்த்தால் 11-கூட வராது. கிராஃப் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது சராசரி, அது சொன்னதும் சராசரி.

இந்த 5 நிமிடப் பழக்கம் பழசு. 1994-ல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதில் என்னதான் ஓடுகிறது என்று பார்க்க டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய புரோகிராம்தான் எம்.ஆர்.டி.ஜி. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கும். 64 கிலோபிட்டுக்கு அது போதும்!

சரி, எப்படி செட் பண்றது?

இலவசமாகக் கிடைக்கும் ஜாபிக்ஸை எடுத்துக்கொள்வோம். புது வெர்ஷன்களில் 'டேட்டா கலெக்‌ஷன்' மெனுவுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' போய், உங்க ரவுட்டருக்கு எதிரே இருக்கும் 'கிராஃப்ஸ்' தட்டினால் 'கிரியேட் கிராஃப்' வரும். பழைய வெர்ஷன் என்றால் மெனு பெயர் 'கான்ஃபிகரேஷன்'. உள்ளே போய் இன்டர்நெட் லைன் செருகியிருக்கும் போர்ட்டின் இன்கமிங், அவுட்கோயிங் இரண்டையும் 'ஐட்டம்ஸ்' பகுதியில் சேர்த்தால் கிராஃப் ரெடி. இது ரெண்டு நிமிட வேலை. விஷயம் இதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த ஐட்டத்துக்கே போய் 'அப்டேட் இன்டர்வெல்' 30 விநாடியா என்று பாருங்கள். அளக்காததை எந்த கிராஃபாலும் காட்ட முடியாது. அடுத்து, கிராஃபில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் 'ஃபங்ஷன்' என்று ஒன்று இருக்கும். சும்மா விட்டால் அது 'ஆவரேஜ்'. அதை 'ஆல்' என்று மாற்றினால் குறைந்தது, சராசரி, உச்சம் மூன்றும் தெரியும். பழைய டேட்டாவை ஜாபிக்ஸ் மணிக்கு ஒரு வரியாகச் சுருக்கித்தான் வைத்துக்கொள்கிறது. அந்தச் சுருக்கத்திலும் உச்சம் தனியாக இருக்கும். நாம் கேட்கவில்லை என்றால் அது திரைக்கு வராது.

வொய் ஆக்ஸிஸை 'கால்குலேட்டட்'டில் விடாதீர்கள். 2 எம்.பி.பி.எஸ். ஓடினாலே மலை மாதிரி காட்டி பயமுறுத்தும். 'ஃபிக்ஸ்டு' கொடுத்து 10 கோடி பிட் என்று உச்ச வரம்பு வையுங்கள். ஏரிக்கு 24 அடி மாதிரி, லைனுக்கு 100.

ஐட்டத்தை நீங்களே உருவாக்கினால் ஒரு பொறி உண்டு. ரவுட்டர் எண்ணுவது பைட்டில், பிளான் விற்பது பிட்டில். 'ப்ரீபிராசஸிங்'கில் 'சேஞ்ச் பெர் செகண்ட்' போட்டு, அடுத்ததாக 8-ஆல் பெருக்க வேண்டும். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் இதை ஏற்கெனவே செய்திருப்பார்கள். அங்கே நீங்களும் பெருக்கினால் 8 மடங்கு ஏறிவிடும்.

இன்னொன்று, கவுன்ட்டர். 32 பிட் கவுன்ட்டர் சுமார் 429 கோடி பைட் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், பைக் மீட்டர் சுற்றி வருவது மாதிரி. முழு வேகத்தில் ஓடும் 1 ஜி.பி.பி.எஸ். போர்ட்டில் இதற்கு 34 விநாடி போதும். 5 நிமிடம் கழித்து வந்து பார்ப்பவருக்கு அது எத்தனை தடவை சுற்றியது என்று எப்படித் தெரியும்? வேகமான போர்ட் என்றால் 64 பிட் கவுன்ட்டரைத்தான் எடுக்க வேண்டும்.

கூடவே 'பெர்சென்டைல் லைன்' என்ற வசதியில் 95 போட்டு வைக்கலாம். பெரிய லைன்களுக்கு பில் போடும் பல கம்பெனிகளின் கணக்கு இதுதான். 30 நாளில் 5 நிமிடத்துக்கு ஒன்றாக 8,640 அளவுகள் வரும். அதில் உயரமான 432-ஐ, அதாவது 36 மணி நேரத்தை, கழித்துவிட்டு மிச்சத்தில் எது உச்சமோ அதற்குத்தான் காசு.

எனக்குப் பிடித்தது 'வொய் ஆக்ஸிஸ் சைடு'தான். ட்ராஃபிக்கை இடது பக்கம் வைத்துவிட்டு, பிங் நேரத்தை வலது பக்கம் சேர்த்துவிடுங்கள். ரெண்டு கோடும் ஒரே படத்தில் ஓடும். காலை 10 மணிக்கு ட்ராஃபிக் 100-ஐத் தொடும்போது பிங்கும் சேர்ந்து எகிறுகிறதா? லைன் நிரம்புகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஓடும் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றினாலே சரியாகிவிடலாம், புது பிளானே தேவைப்படாது. ட்ராஃபிக் 10-லேயே கிடக்க, பிங் மட்டும் தனியாக எகிறுகிறதா? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, நெட் கனெக்‌ஷன் கொடுத்தவருக்கு போன் போடுங்கள். "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று அவர் ஆரம்பிக்கும்போது, அந்தப் படத்தை அனுப்பலாம்.