சரக்கு வண்டிச் சக்கரமும் ஆஃப்செட் கணக்கும்

நம் உறுப்பினர்களில் மண்டிக்காரர்கள் முதல் மளிகைக் கடைக்காரர்கள் வரை பலரும் இன்று சொந்தமாக பிக்-அப் வண்டி வைத்திருக்கிறோம். டீசல், டயர், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதும் நாம், சக்கரத்தில் உள்ள ஒரு கணக்கை மட்டும் டிரைவரிடம் விட்டுவிடுகிறோம். அதுதான் ஆஃப்செட் கணக்கு. சக்கரம் வெளியே தள்ளி நின்றால் வண்டி எடுப்பாக இருக்கும், சாயாது என்று சொல்லி ஸ்பேசர் மாட்டும் பழக்கம் சரக்கு வண்டிகளிலும் பரவி வருவதால் இதை எழுதுகிறோம்.

டயர் மாட்டும் டிஸ்க்கை எடுத்துக் கொள்வோம். அதன் அகலத்தில் நேர் பாதியில் ஒரு கோடு போடுங்கள். டிஸ்க்கில் ஹப்போடு ஒட்டி உட்காரும் முகம் ஒன்று இருக்கிறது. அந்த முகத்துக்கும் பாதிக் கோட்டுக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். இதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். முகம் பாதிக் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பாசிட்டிவ். சக்கரம் வண்டிக்கு உள்ளே அடங்கி நிற்கும். உள்பக்கம் இருந்தால் நெகட்டிவ். சக்கரம் வெளியே பிதுங்கி நிற்கும்.

பல டிஸ்க்குகளில் ஈ.டி. என்ற எழுத்துகளோடு இந்த எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் நாமே அளக்கலாம். டயர் இல்லாத டிஸ்க்கின் மொத்த அகலம், விளிம்புக்கு விளிம்பு, 180 மி.மீ. என்று வையுங்கள். பாதி 90. உள்பக்க விளிம்பின் மேல் ஒரு நேர் சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப் முகம் வரை அளந்தால் 130 வருகிறது. 130-இல் 90 போக 40. ஆஃப்செட் பாசிட்டிவ் 40.

இனி ஸ்பேசருக்கு வருவோம். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வைக்கும் உலோகத் தகடுதான் அது. 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 40 என்பது 15 ஆகிவிடும். ஒவ்வொரு சக்கரமும் 25 மி.மீ. வெளியே போகும். ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஓர் அரிசிப் பையை மார்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள். அதே பையைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை ஒன்றுதான், தோள் படும் பாடு வேறு. இங்கே தோள் என்பது வீல் பேரிங்.

பின் அச்சில் 1,600 கிலோ பாரம் என்றால் ஒரு சக்கரத்துக்கு 800 கிலோ. அது 2.5 செ.மீ. தள்ளிப் போனால் கூடுதலாக விழும் வளைவுச் சுமை, ஒரு மீட்டர் கம்பின் நுனியில் 20 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் விழுந்து எழும்போது இன்னும் பல மடங்கு. முன் சக்கரமானால் ஸ்டீயரிங்கும் கனக்கும், குழிகளில் பிடுங்கும்.

அடுத்தது போல்ட். சும்மா செருகி வைக்கும் ஸ்பேசர், போல்ட்டின் மரையைத் தின்றுவிடும். 12 மி.மீ. போல்ட் என்றால் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது மரையில் ஏற வேண்டும்; 1.5 மி.மீ. மரையில் அது முழுதாக 8 சுற்று. இரண்டு மூன்று சுற்றில் நின்ற நட்டை நம்பி ஒன்றரை டன் சரக்கையும் டிரைவரின் உயிரையும் அனுப்பலாமா? தனி போல்ட்டுகள் உள்ள ஸ்பேசரில் இந்தக் குறை இல்லை. ஆனால் பேரிங் மீது ஏறும் சுமை அதிலும் குறையாது.

சக்கர இடைவெளி கூடினால் சாயும் தன்மை சற்றுக் குறையும் என்பது உண்மையே. ஆனால் சரக்கு வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் லோடின் உயரம். சர்க்கரை மூட்டையும் எண்ணெய் டின்னும் அடியில், பிஸ்கட் பெட்டியும் அப்பளக் கட்டும் மேலே என்று அடுக்கினால் செலவில்லாமலே வண்டி நிலைத்து நிற்கும்.

சட்டத்தையும் நினைவில் கொள்வோம். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் வில்லங்கம் வரலாம்.

எனவே, டிஸ்க் மாற்றும்போது பழையதன் ஆஃப்செட், அகலம், நடுத்துளை, போல்ட் இடைவெளி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, அதே அளவில் வாங்குங்கள். பழைய வண்டி வாங்கினால் சக்கரத்தைக் கழற்றி ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் உறுமல் சத்தமோ, ஸ்டீயரிங் நடுக்கமோ, டயரில் ஓரத் தேய்மானமோ தெரிந்தால், அன்றைய டெலிவரி தாமதமானாலும் சரி, வண்டியை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். சரக்கு நாளைக்கும் போய்ச் சேரும். டிரைவர் இன்றே வீடு திரும்ப வேண்டும்.