கோட்டுக்குள் ஒரு விசில் – 7: அரை நொடி தாமதம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் கூடைப்பந்துக்கு நடுவராக நிற்பதில் பெரிய ஊர்களில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று, "சார், கையில அடிச்சான் சார்!" என்று கத்துபவர் முகம் தெரியாத ஆளாக இருப்பது அபூர்வம். சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தவராக இருப்பார். அதே வட்டத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பார். அடி வாங்கிய ஏழாம் நம்பர் அவர் பையன்தான். விசில் வைத்திருப்பவரோ ஏதாவதொரு பள்ளியின் பி.டி. மாஸ்டர். மறுநாள் காலை காய்கறிக் கடையில் இருவரும் முகம் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சூழலில் பொறுமை என்றால் கோபத்தை அடக்குவது என்றுதான் தோன்றும். ஆனால், நடுவர்களுக்கான பயிற்சி தொடங்கும் இடம் வேறு. உலகக் கூடைப்பந்தை நிர்வகிக்கும் ஃபிபாவின் பயிற்சிப் பாடங்களில் 'பொறுமையான விசில்' என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை. மோதலைக் கண்டதுமே ஊதிவிடாமல், அந்த ஆட்டநகர்வு எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது, எதில் முடிந்தது என்று மூன்றையும் பார்த்த பிறகு ஊதுவது.

ஒருவன் லே-அப்புக்கு எழும்புகிறான். தடுப்பவன் கையை வீசுகிறான். 'பட்' என்று சத்தம். கூட்டம் அலறுகிறது. அந்தச் சத்தம் பந்தில் கை பட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் அது சுத்தமான தடுப்பு. சத்தமே வராமல் இடுப்பில் விழும் முட்டிதான் பல நேரம் உண்மையான ஃபவுல். காதை நம்பி ஊதுபவர் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவார். லேசாக உரசியும் எழும்பியவன் நிலைகுலையாமல் பந்தைப் போட்டுவிட்டால், அங்கே விசிலுக்கே வேலையில்லை. இதையெல்லாம் தீர்மானிக்க அரை நொடி போதும். அந்த அரை நொடியை எடுத்துக்கொள்ளத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

கவனத்தின் கதையும் இதேதான். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், பத்துப் பேர். பந்தைப் பார்ப்பது ரசிகர்களின் வேலை. நடுவர் தனக்கு ஒதுக்கிய பகுதியில் தடுப்பவர்களைப் பார்க்க வேண்டும். பெரிய போட்டிகளில் மூன்று நடுவர்கள் கோட்டைப் பிரித்துக்கொள்கிறார்கள். பள்ளி ஆட்டங்களில் இரண்டு பேர்தான். ஒருவர் கண் பந்தின் பின்னால் போய்விட்டால் பாதிக் கோட்டுக்குக் காவல் இல்லை. வெளியிலிருந்து வரும் கத்தல் செய்யும் கெடுதலும் இதுதான். மனம் புண்படுவதை விடுங்கள், அது ஆறிவிடும். கழுத்து அந்தப் பக்கம் திரும்புகிறதே, அந்த நொடியில் நடப்பது திரும்பி வராது.

இன்னொரு பொறியும் உண்டு. தப்பாக ஊதிவிட்டோம் என்று தெரிந்ததும், அடுத்து ஒரு ஃபவுலை எதிரணிக்கு எழுதிக் கணக்கை நேர் செய்யத் தோன்றும். கத்துபவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் இந்த ஆசை இன்னும் அதிகம். ஒரு தப்பை இரண்டாக்கும் வேலை இது.

கோபத்துக்கு வருவோம். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் ஜோயி க்ராஃபோர்ட் முப்பதாண்டு அனுபவமுள்ள நடுவர், முன்கோபத்துக்கும் பேர்போனவர். 2007 ஏப்ரல் 15 அன்று டல்லாஸில், சான் ஆன்டோனியோ அணியின் டிம் டங்கன் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். க்ராஃபோர்ட் அவருக்கு இரண்டாவது டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து வெளியேற்றினார். ஆடாதவனின் சிரிப்பால் ஆட்டத்துக்கு என்ன நஷ்டம்? லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் க்ராஃபோர்டை இடைநீக்கம் செய்தார். அந்த ஆண்டின் பிளே-ஆஃப் ஆட்டங்கள் அவருக்கு இல்லை. அவர் உளவியல் நிபுணரிடம் போனார். அடுத்த சீசனில் மறுபடி விசிலோடு வந்தார். மொத்தம் 39 சீசன் முடித்து 2016-ல்தான் ஓய்ந்தார். முன்கோபம் பிறவிக் குணம், மாறாது என்று சொல்பவர்கள் அந்தக் கடைசி ஒன்பது ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நெய்வேலிக்கு ஒரு தூரத்து உறவுள்ள ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்து 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1972 செப்டம்பர் 9 இரவு மியூனிக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டிய ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், சோவியத் அணி அமெரிக்காவை 51–50 என்று வென்றது. ஒலிம்பிக் கூடைப்பந்தில் அதுவரை அமெரிக்கா தோற்றதே இல்லை.

கடைசி மூன்று நொடிகளை மூன்று முறை ஆட வேண்டி வந்தது. முதல் முறை, டைம்-அவுட் கேட்டோம் என்று சோவியத் பயிற்சியாளர்கள் ஸ்கோர் மேஜைக்கு ஓடி வந்த குழப்பத்தில், ஒரு நொடி பாக்கி இருந்தபோது பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தினார். பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்த ஃபிபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ், மூன்று நொடியையும் திருப்பித் தரச் சொன்னார். விதிப்படி அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இரண்டாம் முறை, கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைக்கும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது. மூன்றாம் முறை, இவான் எடெஷ்கோ கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வீசிய பந்தை அலெக்சாண்டர் பெலோவ் கூடையில் போட்டார்.

ரிகெட்டோ விசிலை வீசிவிட்டுப் போகவில்லை. தன் தலைக்கு மேல் உத்தரவு வந்த பிறகும் கோட்டில் நின்று ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். முடிந்ததும் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்காவின் முறையீடு 3–2 வாக்கில் தோற்றது. அவர்களின் வெள்ளிப் பதக்கங்களை அந்த வீரர்கள் இன்றுவரை வாங்கவில்லை.

பழியெல்லாம் நடுவர்கள் தலையில் விழுந்தாலும், அந்த இரவின் முடிச்சு விழுந்த இடம் கோட்டுக்கு வெளியே, கடிகாரமும் ஸ்கோர்ஷீட்டும் இருந்த மேஜையில். டைம்-அவுட் கேட்டார்களா, இல்லையா? கடிகாரத்தை யார், எப்போது ஓட்டினார்கள்? அந்த மேஜைக்காரர்களைப் பற்றி அடுத்த வாரம்.